எண்ணெய் கறுப்பு

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் நாள், சனிக்கிழமை, காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு லோகேஸ்வரி தம் நீல நிறக் காரைச் சுங்கை வேயில் உள்ள நாகையாவின் பட்டறை வாசலில் நிறுத்தினார். காருக்கு வயது இருபத்தெட்டு, அவருக்கு அறுபத்தெட்டு. காரின் முன்பக்க இடது மூலை நசுங்கியிருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை வாங்கிக்கொள்ள ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒருவர் வருவதாக ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவன் அவருடைய மகன் ஜீவன். ஆகவே, கெட்டுப்போனது காரின் ஸ்டியரிங்கா, தம் இரு கைகளா என்பதை மெய்ப்பிக்க லோகேஸ்வரிக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு வேலை நாள்.

நடந்தது இது. கிள்ளானில் இருக்கும் தங்கை வள்ளியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் போக வேண்டும். மூன்று ஆண்டுகளாக, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஃபெடரல் நெடுஞ்சாலை வழியாகப் போய், தங்கையை ஏற்றி இறக்கி வந்தவர் லோகேஸ்வரிதான். சென்ற செவ்வாய்க்கிழமை, நான்கு மணி நேரம் நின்றிருந்த காரை எடுத்து இடப்பக்கம் ஒடித்தபோது ஸ்டியரிங் பாதியில் மக்கர் செய்தது. பிறகு கைக்குள்ளேயே தடதடவென்று உதறியது. கார் தூணில் உராய்ந்தது. வள்ளியம்மாவுக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால், ஜீவனுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னவள் அவளே. அதுவும் அழுதுகொண்டே சொன்னாள்.

ஜீவன் வரும்வரை அரை மணி நேரம், வெயிலுக்காகக் குளிர்சாதனத்தைப் போட்டபடி இருவரும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஜீவன் வந்து காரை ஓட்டிப் பார்த்தான். ஸ்டியரிங் அவன் கைக்கு இலேசாகவே திரும்பியது.

"வண்டியில ஒன்னும் இல்லம்மா. உங்க கையிலதான் பலம் இல்ல. போதும் லா. வண்டிய வித்துடலாம்."

அந்த ஒரு வாக்கியம் லோகேஸ்வரியை நான்கு இரவுகள் தூங்கவிடவில்லை. அவர் ஒரு தமிழ் நாளிதழில் முப்பத்தோர் ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். சான்று இல்லாத வாக்கியம் எதையும் அச்சுக்கு அனுப்பிய பழக்கம் அவருக்குக் கிடையாது.

நாகையா, கையில் தே தாரேக் என்னும் நுரைத்த பால் தேநீர்ப் பொட்டலத்துடன் வெளியே வந்தார். ஐம்பது வயது மனிதர், பருத்த தோள்கள், காதோரத்தில் ஒரு பென்சில்.

"வாங்கக்கா. என்ன, ஸ்டியரிங் டைட்டா?"

"டைட் என்று பொதுவாகச் சொல்லக்கூடாது. காலையில் கனம். இருபது நிமிடம் ஓடிய பிறகு கனம் குறைகிறது. முழுதாகத் திருப்பும்போது உதறல். அப்போது முன்பக்கத்திலிருந்து ஊளை போல ஒரு சத்தம். நான்கும் இதில் இருக்கின்றன." லோகேஸ்வரி ஒரு தாளை நீட்டினார். அக்டோபர் மாதக் கடைசியிலிருந்து நாள், மணி, இடம் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

நாகையா தாளைத் தலைகீழாகவும் ஒரு முறை பார்த்தார். "யக்கா, டாக்டர்கிட்ட போறவன்கூட இவ்வளவு எழுதிட்டுப் போகமாட்டான்."

"கை களைத்துப்போவதாக இருந்தால், போகப்போகக் கனம் கூட வேண்டும். இது போகப்போகக் குறைகிறது. அப்படியானால் குறை கையில் இல்லை. எங்கே என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்."

"கண்டுபிடிச்சிடலாம். நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க."

"நான் நிற்கிறேன்."

தாளின் அடியில், பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் இருந்தது. சக்கரக் காற்று, பெல்ட், ஸ்டியரிங் தண்டின் மூட்டு, முன் சக்கரங்களின் இணைப்புகள். ஐந்தாவதாக 'ஸ்டியரிங் எண்ணெய்' என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'புதியது. அக்டோபர் 10 அன்று மாற்றியது' என்று குறித்திருந்தார். ஆகையால் நாகையா அந்தப் பக்கமே போகவில்லை.

சக்கரக் காற்று சரியாக இருந்தது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதுவும் முறுக்காகவே இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினார். எங்கும் பிடிக்கவில்லை, கடகடவென்ற சத்தம் இல்லை. தண்டின் மூட்டில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் திருப்பினார். அது வழவழப்பாகச் சுழன்றது. முன் சக்கரங்களின் இணைப்புகளிலும் ஆட்டம் இல்லை.

அதற்குள் மணி ஒன்பதரை ஆகியிருந்தது. கார் நன்றாக ஆறிவிட்டது. ஜாக்கியை இறக்கிவிட்டு எஞ்சினை முடுக்கி, நாகையா தம் பருத்த கைகளால் ஸ்டியரிங்கை ஒடித்தார். முகம் மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் திருப்பினார். கோடிக்குப் போகும்போது ஊளை எழுந்தது. ஸ்டியரிங் அவர் கைகளையும் சேர்த்து உதறியது.

"யம்மாடி! இத வச்சிக்கிட்டா கிள்ளானுக்குப் போய்ட்டு வந்தீங்க? எனக்கே தோள்பட்டை கழண்டுபோச்சு!"

ஐந்து மாதங்களில் முதன்முறையாக லோகேஸ்வரி நிம்மதியாக உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் ஜீவன் தன் காரில் வந்து இறங்கினான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை; கையில் எப்போதும் இரண்டு தொலைபேசிகள்.

"அம்மா, வித்துட்டுப் போற வண்டிக்கு எதுக்கு ரிப்பேர்?"

"பாஸ், கொஞ்சம் வந்து ஸ்டியரிங்கப் புடிச்சுப் பாருங்க," என்றார் நாகையா.

ஜீவன் பிடித்துப் பார்த்தான். இரண்டாவது முறை திருப்பும்போது ஒரு தொலைபேசி மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"அன்னைக்கு இப்படி இல்லையே!"

"அன்றைக்கு நீ வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் எஞ்சின் ஓடியது," என்றார் லோகேஸ்வரி.

நாகையா கைகளைத் துடைத்துக்கொண்டார். "பம்பு போயிருக்கும், இல்லன்னா ரேக் போயிருக்கும். ரெண்டையும் ஆஃப்கட் கடையில வாங்கிப் போட்டுடலாங்கா." பம்பு எண்ணெயைத் தள்ளுவது, ரேக் சக்கரங்களைத் திருப்புவது; ஜப்பானில் கழித்துவிட்ட கார்களைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து விற்கும் கடைகளைத்தான் ஆஃப்கட் என்பார்கள்.

"‘இல்லன்னா’ என்பது விடை ஆகாது, நாகையா. எது?"

"ரெண்டையும் மாத்திட்டா எதுன்னு கேக்க வேண்டியதே இல்லையே!"

"தெரியாததை எல்லாம் கழற்றி எறிவதற்குப் பெயர் பழுதுபார்த்தல் அன்று. பொறுமையாகப் பாருங்கள்."

"இந்த வயசுலயும் விடமாட்டாங்க," என்று ஜீவன் நாகையாவிடம் முணுமுணுத்தான். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

நாகையா காதோரத்துப் பென்சிலை எடுத்து, தாளின் கோடு போட்ட வரியைத் தட்டினார். "அப்படின்னா இத நான் பார்த்தே ஆகணும். நீங்க கோடு போட்டாலும் சரி, கட்டம் போட்டாலும் சரி."

"அது புதியது."

"புதுசுதான். என்ன எண்ணெய்?"

லோகேஸ்வரி தாம் எழுதிய வரியை மறுபடி படித்தார்; எண்ணெயின் வகை அதில் இல்லை.

நாகையா எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகினார். உள்ளே நுரை. விரலை நனைத்து, ஒரு வெள்ளைத் தாளில் இழுத்தார். பாகு போலக் கறை பதிந்தது. முகர்ந்தார், இரண்டு விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார்.

"செகப்பா, தண்ணியா இருக்கணும் இது. இது மிஞ்ஞாக் ஹீத்தாம் லா! எஞ்சினுக்கு ஊத்துறத எவனோ மடையன் ஸ்டியரிங்குக்கு ஊத்தி வச்சிருக்கான். ஆறிப்போனா கெட்டியாகும்; டைட் ஆகும். சூடு ஏறினா எளகும். காத்தோட சேர்ந்து நுரை கட்டும்; அப்ப உதறும், ஊளையிடும். அக்கா, உங்க தாள்ல இருக்கிற நாலும் சரியா வருது பாருங்க!"

லோகேஸ்வரி எழுந்து காருக்குள் இருந்த முன்பெட்டியைத் திறந்து, நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பதினேழு ஆண்டுகள் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட தம்புசாமி என்பவர் ஒவ்வொரு முறையும் அதில் குறிப்பு எழுதி வைப்பார். சென்ற செப்டம்பரில் பட்டறையை மூடிவிட்டு, மகளோடு சித்தியவானுக்குப் போய்விட்டார்.

தம்புசாமி பாதி வாழ்நாளை மலாய்க்காரப் பட்டறையில் கழித்தவர். எஞ்சின் எண்ணெய்க்கு மலாயில் மிஞ்ஞாக் ஹீத்தாம். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எண்ணெய் கறுப்பு'. தமிழில் எழுதும்போதும் அவர் அதே வரிசையில்தான் எழுதுவார். 'எஞ்சின் எண்ணெய் கறுப்பு 3½ லிட்டர்' என்று ஐந்து பக்கங்களில் இருந்தது. ஐந்திலும் லோகேஸ்வரி சிவப்புப் பேனாவால் இடமாற்றக் குறி போட்டு, 'கறுப்பு எண்ணெய்' என்று திருத்தியிருந்தார். தமிழில் பண்பு முன்னால் வர வேண்டும். பெயர் பின்னால் வர வேண்டும். தம் காருக்குள் ஒரு பிழை கிடப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் ஆறாவது குறிப்பு இருந்தது. 'ஸ்டியரிங் எண்ணெய் கறுப்பு. மாற்றவும்'

அதிலும் சிவப்புக் குறி இருந்தது. சொற்கள் இடம் மாறியிருந்தன. கறுப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த முற்றுப்புள்ளி, மைத்துளி என்று கருதி நீக்கப்பட்டிருந்தது. திருத்தத்துக்குப் பின் அந்த வரி இப்படி ஆகியிருந்தது: ஸ்டியரிங் கறுப்பு எண்ணெய் மாற்றவும்.

ஐந்து இடங்களில் பெயராக இருந்தது, ஆறாவது இடத்தில் முழு வாக்கியம். எண்ணெய் எழுவாய், கறுப்பு பயனிலை. எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே மாற்று என்கிறார் தம்புசாமி. புத்தகம் முழுவதும் முற்றுப்புள்ளியே வைக்காத மனிதர், ஒரே ஓர் இடத்தில் பொருள் பிறழக்கூடாது என்று வைத்திருக்கிறார். அதைத்தான் லோகேஸ்வரி அழித்திருந்தார். அழித்துவிட்டு, ஸ்டியரிங்குக்கும் கறுப்பு எண்ணெயே என்று படித்து, ஆயுத பூஜைக்கு முதல் நாள், காரைக் கழுவிப் பொட்டு வைப்பதற்கு முன்னால், குப்பியில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, பின்பெட்டியில் மீந்திருந்த எஞ்சின் எண்ணெயைத் தம் கையாலேயே ஊற்றியிருந்தார்.

ஜீவன் பட்டறை வாசலில் நாகையாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "எந்த மடையன்ணே ஊத்தியிருப்பான்? பெட்ரோல் ஸ்டேஷன்ல எவனாச்சும்…"

சொல்லாமல் விடலாம். பெட்ரோல் நிலையத்தின் தலையில் போட்டுவிடலாம், யாரும் மறுக்கப்போவதில்லை. கைகளுக்குப் பலம் உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. உண்மையைச் சொன்னாலோ, கை நன்றாக இருக்கிறது, தலைதான் சரியில்லை என்று ஜீவன் புது வாக்கியம் தொடங்குவான். லோகேஸ்வரி நோட்டுப் புத்தகத்தை மூடினார். மீண்டும் திறந்தார். திறந்தபடியே கொண்டுபோய் மகனின் கையில் கொடுத்தார்.

"அந்த மடையன் நான்தான். படித்துப் பார்."

ஜீவன் படித்தான். புரியவில்லை. எழுவாய் எது, பயனிலை எது என்று அவர் விளக்கியபோது, நாகையாவும் எட்டிப் பார்த்தார். நாகையாதான் முதலில் வெடித்துச் சிரித்தார்.

"ஒரு புள்ளிக்கா! ஒரு புள்ளிக்கு நான் ரேக்கு, பம்பு எல்லாத்தையும் கழட்டப் பாத்தேனே!"

ஜீவனும் சிரித்தான், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டான். "அம்மா, நாளைக்கு பிரேக் எண்ணெயையும் இப்படித் திருத்திட்டா?"

"நியாயமான கேள்வி," என்றார் லோகேஸ்வரி. "விடை மாலையில் சொல்கிறேன். முதலில் வேலை நடக்கட்டும்."

நாகையா மறுபடியும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். எண்ணெய் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு தகர டின்னுக்குள் விட்டார். குப்பியில் சிவப்பு எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தார். லோகேஸ்வரி காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பினார். கறுப்பும் பழுப்புமாக வந்தது, பிறகு கலங்கல், மூன்றாவது முறைதான் சிவப்பாகவே வந்தது. குழாயைத் திரும்ப மாட்டி, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை இருபது தடவை திருப்ப வேண்டும் என்றார் நாகையா. பதினெட்டாவது தடவை உதறல் நின்றது. லோகேஸ்வரி இருபதையும் திருப்பி முடித்தார்.

"ஊளை மட்டும் லேசா கேக்குது," என்று நாகையா காதைச் சாய்த்தார். "பம்பு சீல் கொஞ்சம் அடிவாங்கியிருக்கும். இன்னைக்கு ஒன்னும் சொல்ல முடியாது."

"இன்றைக்குச் சொல்ல முடியாது என்பது நல்ல விடை. ‘இல்லன்னா’வை விட நல்ல விடை."

வள்ளியம்மாவை ஒரு மணிக்கு அழைத்து வர வேண்டும். அன்று காலை வாடகைக் காரில் போனவள், ஓட்டுநர் வழி முழுவதும் பாட்டுப் போட்டான் என்று இரண்டு முறை தொலைபேசியில் முறையிட்டிருந்தாள். லோகேஸ்வரி காரை எடுத்தார். ஜீவன் கேளாமலேயே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். நிலையத்தை அடைந்ததும், செவ்வாய்க்கிழமை நின்ற அதே இடத்தில், அதே தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஆறட்டும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வைத்தார். வள்ளியம்மா பசிக்கிறது என்றாள், பிஸ்கட் கொடுத்தார். ஜீவன் போகலாம் என்றான்; மணியைப் பார்த்தார். இரண்டரைக்கு எடுத்து, இடப்பக்கம் ஒடித்தார். தூண் கண்ணாடிக்கு வெளியே நகர்ந்து பின்னால் போனது.

வள்ளியம்மா வீட்டு மேசை முன் உட்கார்ந்து, லோகேஸ்வரி சிவப்புப் பேனாவால், ஆறாவது குறிப்பின் அடியில் வரிசையாகப் புள்ளிகள் இட்டார். திருத்தியது தவறு, மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்பதற்கு அச்சகத்தில் வழங்கும் குறி அது. அழித்த முற்றுப்புள்ளியை மீண்டும் வைத்தார். பிறகு, அடுத்த பக்கத்தில், அன்று மாலை மூவரும் பேசி முடிவு செய்தவற்றை எழுதினார்.

கார் விற்கப்படாது, திங்கட்கிழமை வருபவரிடம் வர வேண்டாம் என்று ஜீவன் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரங்களில் ஊளை நிற்காவிட்டால் பம்பு மட்டும் மாற்றப்படும், ரேக்கைத் தொடக்கூடாது. எந்த எண்ணெயையும் நாகையா மட்டுமே ஊற்றுவார். பழுதுபார்ப்பவர் எழுதிய குறிப்பில் லோகேஸ்வரி பேனா வைக்கமாட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜீவன் உடன் வந்து அவர் ஓட்டுவதைப் பார்ப்பான். அவன் குறை ஒன்றைக் கண்டு சான்றுடன் சொன்னால், லோகேஸ்வரி அதை ஏற்பார். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் வள்ளியம்மாவை அழைத்துச் செல்பவர், முன்போலவே, லோகேஸ்வரி.