விற்பனைக்கு அல்ல

கட்டில், பீரோ, நாற்காலி என்று இரும்பில் செய்யும் அந்தக் கம்பெனியில் தரப் பரிசோதனை மேசை அவளுடையது. பதினான்கு வருடமாக அதே மேசை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஷெட்டில் எல்லோருக்கும் அவள் கறார் அக்கா. வெல்டிங்கில் ஒரு புள்ளி தூக்கிக்கொண்டு நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். "அக்கா மாப்பிள்ளையையே நாலு பக்கமும் தட்டிப் பார்த்துட்டுத்தான் சம்மதம் சொல்லியிருப்பாங்க" என்று வெல்டர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவாள்.

ஒரு முறை வெளிர் பச்சை நிறத்தில் ஐம்பத்து நாலு குழந்தைக் கட்டில்கள் அவளிடம் வந்தன. நாலு பக்கமும் கம்பித் தடுப்பு. ஒரு பக்கத் தடுப்பை மட்டும் இறக்கிக் குழந்தையைத் தூக்கலாம். ஏற்றினால் தாழ் தானாக விழுந்துகொள்ள வேண்டும். அவள் ஒவ்வொன்றையும் ஏற்றி, குழந்தை சாய்வதுபோல முழங்காலால் மூன்று தரம் தள்ளிப் பார்த்தாள். நாலில் ஒன்று மூன்றாவது தள்ளலில் படாரென்று இறங்கியது. தாழுக்குள் இருந்த ஸ்பிரிங்கில் வலு இல்லை. நிற்பவற்றையாவது அனுப்பலாமே என்றார்கள். "எது விழும் எது விழாதுன்னு கட்டிலுக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஐம்பத்து நாலையும் ஒதுக்கிவிட்டாள். பின்பக்கக் கிடங்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு எட்டு மாதம் அவை சும்மா நின்றன.

பிறகொரு நாள் கிடங்கு குமாஸ்தா ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கட்டில் ஐம்பத்து நாலு, வெளியே போகலாம், விற்பனைக்கு அல்ல.

"பழைய இரும்புக்கா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் இருக்கும்க்கா. கிடங்கைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

கையெழுத்துப் போட்டாள். அந்தப் பேச்சு அதோடு மறந்தும் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில், கேன்டீன் சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. மேனேஜர் நடுவில் நிற்கிறார், சுற்றிலும் சின்னக் குழந்தைகள். 'நமது சமூகப் பொறுப்புத் திட்டம்: ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குக் கட்டில்கள்' என்று கீழே எழுதியிருந்தது. பின்னால் வரிசையாக வெளிர் பச்சை. அந்தப் பச்சையை அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜரை மோசமானவர் என்று யாரும் சொல்ல முடியாது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை தெரிந்து வைத்துக்கொண்டு விசாரிக்கிற மனிதர். "உட்காருங்க" என்றார்.

"சார், அது நான் ஒதுக்கின கட்டில்."

"தெரியும். அங்க பிள்ளைங்க வெறுந்தரையில படுத்துக்கிட்டு இருந்துச்சும்மா. நீங்க பார்த்ததில்ல, நான் பார்த்தேன். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களா?"

"வாங்கினவங்க பார்க்க மாட்டாங்க சார். பல்லைப் பிடிச்சுப் பார்க்கத்தான் என்னை வேலைக்கு வச்சிருக்கீங்க."

மேனேஜர் கோப்பைத் திறந்து அந்தச் சீட்டை அவள் பக்கம் திருப்பினார். "உங்க கையெழுத்து. விற்பனைக்கு அல்லன்னு இருக்கு. நாம விக்கலையே. கொடுத்தோம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. எழுந்து வந்துவிட்டாள்.

அவள் கணவன் பஸ் ஓட்டுநர். எதையும் வண்டியை வைத்தே பேசுவான். சாயந்தரம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ ஏன் வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற?" என்றான். கொஞ்ச நேரம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றவன், அவனாகவே மறுபடியும் பேசினான்: "ஆனா ஒண்ணு. இனாமாக் கிடைச்ச வண்டியா இருந்தாலும் பிரேக் இல்லேன்னா இறக்கத்துல உருளத்தான் செய்யும். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துடு."

போனாள். படத்திலிருந்த இல்லத்தில், மாடியில் நீளமான ஒரு அறை. ஜன்னலோரம் இரண்டு வரிசையாக முப்பது கட்டில்கள். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தவர், கூடவே வந்தார். அவள் ஒவ்வொரு கட்டிலாகத் தடுப்பை ஏற்றி முழங்காலால் தள்ளினாள். முப்பதில் ஏழு இறங்கின. ஏழாவது இறங்கியபோது பொறுப்பாளர் அம்மா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"உங்களைக் கம்பெனி அனுப்புச்சா?"

"கம்பெனியில இருந்துதான் வரேன். ஆனா அவங்க அனுப்பலை."

பொறுப்பாளர் அம்மா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் இதை எழுதிக் கேட்டேன்னா அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு போர்வைகூட வராது. கொடுக்கிறவங்க கிட்டக் குறை சொல்ல எங்களால முடியாதும்மா. என் பேர் வராம ஏதாவது செய்ய முடியுமான்னு பாருங்க."

அன்று இருவரும் உட்கார்ந்து பழைய துணிகளைப் பட்டையாகக் கிழித்து, முப்பது தடுப்புகளையும் இறங்காதபடி கட்டினார்கள். முடிக்கும்போது சாயந்தரமாகிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் மேனேஜரிடம் போகவில்லை. சமூகப் பொறுப்புத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் போனாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். எல்லோரையும் தேடிப் போய் வணக்கம் சொல்லும். முழுவதையும் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது.

"ஸ்டாக் ஏதாவது இருக்கான்னு கேட்டேன்க்கா. இருக்குன்னாங்க. அது ஏன் விக்காம இருக்குன்னு கேட்க எனக்குத் தோணவே இல்லை."

"எனக்கும்தான் தோணலை. கையெழுத்துப் போட்டேனே. அதை விடு. முப்பது கட்டில்தான் அங்க இருக்கு. மிச்சம் எங்க?"

அந்தப் பெண் பட்டியலை எடுத்தது. பதினாறு ஒரு இல்லத்துக்கு, எட்டு இன்னொரு சின்ன இல்லத்துக்கு. அந்த இரண்டுக்கும் படம் எடுக்கப் போகவில்லை. முதலாவதைத் தொலைபேசியில் கேட்டபோது, "அது லூசாத்தான் இருந்துச்சு, நாங்களே கம்பி வச்சுக் கட்டிட்டோம்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். எட்டுக் கட்டில் போன இடத்தில் ஒரு ஆண் குரல் பேசியது. "கட்டிலெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ரொம்ப நன்றி" என்றது. பிரச்சினை ஏதாவது உண்டா என்று இரண்டாம் தரம் கேட்டதும் கொஞ்சம் தயங்கியது. "போன மாசம் ஒரு பொண்ணுக் குழந்தை விழுந்துருச்சு. தோள்பட்டை எலும்பு முறிஞ்சுது. அது எங்க ஆயா பண்ணின தப்பு. தாழைச் சரியாப் போடலை. கண்டிச்சு வச்சிருக்கோம்."

அந்தப் பெண் ரிசீவரை வைத்தது. பிறகு தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. பத்து மாதத்துக்கு முன் இவள் கட்டில்களை ஒதுக்கி எழுதிய பரிசோதனைத் தாளையும் சேர்த்து அனுப்பியது. இதை யாரும் அதன் காதில் ஓதவில்லை. தன் பெயரிலேயே அனுப்பியது.

அடுத்த வாரம் இருவரையும் மேனேஜர் கூப்பிட்டார். வழக்கமான குசல விசாரிப்பு இல்லை. ஐம்பத்து நாலு தாழ்களையும் மாற்றச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, குழந்தையின் வைத்தியத்தையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்றார். ஆனால் இல்லங்களுக்குப் போகிற கடிதத்தில் குறை என்ற சொல் வரக் கூடாது. 'கூடுதல் பாதுகாப்பு வசதி' என்று போட்டால் போதும் என்றார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று தரம் எழுதி மூன்று தரம் அடித்து, கடைசியில் போன கடிதம் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை.

"அந்த ஆயாவுக்கு மட்டுமாவது உள்ளதைச் சொல்லணும் சார்" என்றாள் கறார் அக்கா.

"எழுத்துல எதுவும் வேண்டாம்மா."

"சரி. வாயால சொல்லிட்டு வரேன்."

மேனேஜர் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அந்த மாதக் கடைசியில் அவளைப் பெயிண்ட் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நிறம் ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அவள் பழைய மேசையில் உட்கார்ந்த ஆள் நல்லவன்தான், கொஞ்சம் அவசரக்காரன். வெல்டர்களுக்குக் கேலி செய்ய ஆள் இல்லாமல் போயிற்று.

சின்ன இல்லம் ஊரின் மறுகோடியில், ஒரு அச்சகத்துக்கு மேல் இருந்தது. கீழே எந்திரம் ஓடினால் மேலே தரை லேசாக அதிரும். இவள் போனபோது தாழ்களை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். இவளே எட்டையும் சோதித்தாள், எட்டும் நின்றன. ஆயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போதும் கை துணி மடித்துக்கொண்டே இருந்தது.

"நீங்க தாழை ஒழுங்காத்தான் போட்டிருப்பீங்க" என்றாள் இவள். "அந்தத் தாழ் செய்யும்போதே சரியில்லை. எங்களுக்கு அது முன்னாடியே தெரியும்."

ஆயா மடிப்பதை நிறுத்தினாள். "தெரியுமா?"

"தெரியும்."

"நான் போட்டேன்னுதான் சொன்னேன். படக்குன்னு சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன். யாரும் கேட்கலை. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, போடாம விட்டுட்டேனோன்னு." அவள் அழவில்லை. இவளைத் திட்டவும் இல்லை. "இதை அந்த ஆபீஸ் ரூம்லயும் வந்து சொல்லுங்க" என்றாள்.

இருவரும் அலுவலக அறைக்குப் போனார்கள். இவள் அதையே மறுபடியும் சொன்னாள். அங்கிருந்தவர் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். ஆயாவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துத் தலையசைத்தார்.

திரும்பி வந்தபோது குழந்தைகளைத் தூங்க வைக்கும் நேரம். தோள் கட்டுப் பிரித்திருந்த பெண் குழந்தை தன் கட்டிலை நோக்கிக் கையை நீட்டியது. ஆயா அதைத் தூக்கவில்லை. கட்டிலிலிருந்த மெத்தையை உருவித் தரையில் போட்டு, குழந்தையைக் கிடத்தித் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"கட்டில் இப்ப சரியா இருக்கு" என்றாள் இவள் மெதுவாக. "நானே பார்த்துட்டேன்."

"இருக்கட்டும்மா" என்றாள் ஆயா. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

இவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. குழந்தை தூங்கும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கினாள்.