செத்தவன் அழக் கூடாது

என் நாடகத்தைப் பார்த்து இதுவரை ஒரு ஜீவன்கூட அழுததில்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இந்தத் தெருவில் வேறு யாரைக் கேட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். வருஷத்துக்கு ஒரு முறை சமூகக் கூடத்தில் ஒரு காதல் சோக நாடகம் போடுவேன். எழுதுவது, இயக்குவது, கடைசியில் சாவது எல்லாம் நானே. போன முறை நான் செத்துக் கிடக்கும்போது திரை சரியாக என் வயிற்றின்மேல் விழுந்தது. தலை உள்ளே, கால் வெளியே. முன்வரிசையில் எந்தப் படுபாவியோ என் உள்ளங்காலில் விரலால் கோடு போட்டான். செத்தவன் கால் துள்ளிய துள்ளலில் கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. அதற்கு முந்தின முறை, விஷம் குடித்த பிறகு எனக்கு விக்கல்.

இந்த முறை கூடத்துச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கண்ணாடிக்காரரே, சோகம்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டிட்டு எங்க வயித்தைப் புண்ணாக்குறீங்க. இந்தத் தடவையும் கடைசிக் காட்சியில சிரிச்சாங்கன்னா, அடுத்த வருஷத்துல இருந்து அந்த நாளை உடற்பயிற்சிக் குழுவுக்குக் குடுத்துடுவோம்."

உடற்பயிற்சிக் குழுவாம்! குனிந்து நிமிர்வதற்கு ஒரு மேடை ஒரு கேடா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது பயமாகவும் இருந்தது. அந்த ஒரு நாளும் போய்விட்டால் நான் வெறும் கண்ணாடிக்காரன்தான்.

அதனால் எனக்குத் தெரிந்த எல்லா நுட்பங்களையும் கடைசிக் காட்சியில் கொண்டுவந்து கொட்டினேன். கதை இதுதான். கலங்கரை விளக்கக் காவலாளியின் மகளை ஒரு மாலுமி காதலிக்கிறான். அவன் கடலில் இருக்கும்போது அவள் காய்ச்சலில் அசைவற்றுக் கிடக்கிறாள். வைத்தியர் கூட்டத்தைப் பார்த்து, "இது சாவல்ல, மயக்கம். சற்று நேரத்தில் கண் விழிப்பாள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அப்புறம் மாலுமி வருகிறான். செத்துவிட்டாள் என்று நினைத்துப் புலம்பி விஷம் குடித்துச் சாய்கிறான். அவன் சாய்ந்ததும் அவள் விழிக்கிறாள்.

வைத்தியராக நடித்தவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. பூட்டு ரிப்பேர் செய்கிறவன். ஓரத்தில் நின்று புல்லாங்குழல் வாசிப்பதும், வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பதும் அவன் பொறுப்புதான்.

"பாக்குறவனுக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. அதுதாண்டா நுட்பம்" என்று அவனுக்கு விளக்கினேன். "'அடேய், அவ உசுரோட இருக்காடா'ன்னு கத்தணும்போல இருக்கும். கத்த முடியாது. அந்த அவஸ்தைதான் அழுகையா வெளிய வரும்."

"யாராவது கத்திட்டா என்ன மாமா பண்றது?"

ஊர்ப் பூட்டையெல்லாம் சரிசெய்கிறவனுக்குத் தன் வாய்க்கு ஒன்று போடத் தெரியவில்லை.

நாயகியாக நடிக்க வந்த வங்கிக் காசாளர் பெண் பாதி ஒத்திகையில் கழன்றுகொண்டாள். "சார், உங்க புலம்பல் முடியறதுக்குள்ள எனக்குக் கழுத்துப் பிடிச்சுக்குது" என்றாள். கலை தெரியாத ஜென்மம். வேறு வழியில்லாமல் என் மனைவியிடம் போய் நின்றேன். அவளுக்கு ரொட்டிக்கடையில் ராத்திரி வேலை. இருட்டும்போது போய் மாவு பிசைய ஆரம்பித்தால் ஊருக்கு ரொட்டி தயாரான பிறகுதான் வீடு திரும்புவாள்.

"நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"முக்கால்வாசி நேரம் படுத்திருக்கணும். கடைசியில எழுந்து, அழுது, சாகணும்."

"படுத்திருக்கணுமா?" அவள் முகம் பூவாய் மலர்ந்தது. "சரி, வர்றேன்."

அந்த மலர்ச்சியைக் கலை ஆர்வம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஒத்திகையில் அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. "ஏங்க, ரொட்டி வெந்துருச்சான்னு தெரியணும்னா நாங்க அடியில தட்டிப் பாப்போம். இந்த மாலுமி தன்னோட காதலிய ஒரு தட்டுத் தட்டிப் பாக்க மாட்டானா?"

"சோகத்துல யாரும் தட்ட மாட்டாங்கம்மா."

"ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருந்தாக்கூட அவ எழுந்திருப்பா. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அதுதான் கதையோட கருவே! அவசரந்தான் அந்தக் காதலைக் கொல்லுது!"

"அப்ப விஷம் வேலை செய்றதுக்காவது கொஞ்ச நேரம் குடுங்க. குடிச்ச உடனே பொத்துன்னு விழுறீங்க."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி அழுகை வசனம் அவள் வாயில் அருமையாக வந்தது. மாவு பிசையும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினாளாம். அடுப்புப் பக்கம் நிற்கும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக அவளே பெருமையாகச் சொன்னாள்.

அவள் படுக்கும் பலகை கிறீச்சிட்டது. கிறீச்சுக்கும் சிரிக்கிற கூட்டமாயிற்றே என்று நல்ல மெத்தையாக வாங்கிப் போட்டேன். சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. கூடம் கும்மிருட்டு, மேடையில் மட்டும் மங்கலான நீல வெளிச்சம். பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல். அதற்கும் மேலே என் நீண்ட புலம்பல். ஒரு மனுஷியைத் தூங்க வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நேரத்தில் அது என் மரமண்டையில் ஏறவில்லை.

நாடகம் விடுமுறை நாள் மத்தியானம். அன்று ரொட்டிக்கடையில் கூட வேலை செய்கிறவள் வரவில்லை என்று இரண்டு ஆள் வேலையை இவள் ஒருத்தியே செய்துவிட்டு, நேராகக் கூடத்துக்கே வந்தாள். முடியெல்லாம் மாவு, கண்ணுக்குக் கீழே கருப்பு.

"ஆகா, சாவுக்களை அப்படியே வந்திருக்கு! துடைச்சிடாதே" என்றேன். எப்பேர்ப்பட்ட புருஷன் நான்!

காட்சி தொடங்கியது. மச்சான் "இது சாவல்ல, மயக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் நுழைந்தேன். கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். "விளக்கே! கடலில் இருந்தவனுக்கு வழி காட்டினாய், கரைக்கு வந்தவனை ஏன் இருட்டில் விட்டாய்?" என்று நான் உருகியபோது இருட்டில் ஒரு விசும்பல் கேட்டது. மேடை வெளிச்சம் பட்ட முன்வரிசையை ஓரக்கண்ணால் பார்த்தேன். செயலாளர்! நான் விற்ற கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. விஷத்தைக் குடித்தேன், மனைவி சொன்னபடி கொஞ்சம் தாமதித்து மெத்தை ஓரத்தில் அழகாகச் சாய்ந்தேன்.

புல்லாங்குழல் நின்றது. அது நின்றதும் அவள் எழ வேண்டும்.

எழவில்லை. சரி, அழுத்தமான மௌனம், இதுவும் ஒரு நுட்பந்தான் என்று கிடந்தேன். மௌனம் நீண்டது. அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில், ரம்பம் மரத்தில் இறங்குவதுபோல ஒரு குறட்டை கிளம்பியது.

"அக்கா!" ஓரத்திலிருந்து மச்சான் கிசுகிசுத்தான். "'என் உயிரே'ன்னு ஆரம்பிக்கா! அக்கா!"

என்ன செய்வது? செத்தவன் நான். இருந்தாலும் கையை மெல்ல நகர்த்தி அவள் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"இன்னும் வேகல" என்றாள் அவள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "மூடிட்டு அடுத்த தட்டை எடு."

அவ்வளவுதான், கூடம் வெடித்தது. செயலாளர் அழுத கண்ணோடு கெக்கெக்கே என்று சிரித்தார். அவளோ திரும்பிப் படுத்து ஒரு காலைத் தூக்கி என்மேல் போட்டாள். போயிற்று. எல்லாம் போயிற்று. கோபம் உச்சந்தலைக்கு ஏற, அவளைப் பிடித்து உலுக்கிவிடலாம் என்று எழுந்தேன். செத்தவன் எழுந்ததும் சிரிப்பு இன்னும் பலமாயிற்று.

எழுந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. காது மடலில் மாவு. மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுக் காயம். ராத்திரி அடுப்பு, சாயங்காலம் என் ஒத்திகை, மிச்ச நேரத்தில் என் மாலுமிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தது. இவள் எப்போதுதான் தூங்கினாள்? நான் ஒரு நாளாவது கேட்டேனா? என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மேடை ஓரத்துக்கு வந்து உதட்டில் விரலை வைத்தேன்.

"சத்தம் போடாதீங்க" என்றேன் தாழ்ந்த குரலில். "அவ தூங்குறா. காலையில நீங்க சாப்பிட்ட ரொட்டிக்காக ராத்திரி முழுக்க நின்னுருக்கா. நாடகம் இவ்வளவுதான். தயவுசெஞ்சு மெதுவா போங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்தி, இருநூறு பேர் பூனைபோல் வெளியேறினார்கள். தும்மல் வந்த ஒருவரை இரண்டு பேர் மூக்கைப் பொத்தி அழைத்துப் போனார்கள். செயலாளர் மட்டும் நுனிக்காலில் மேடைக்கு வந்து என் காதில், "சிரிச்சேனா அழுதேனான்னு எனக்கே தெரியல. அடுத்த வருஷமும் நீங்களே போடுங்க" என்றார். "உஷ்!" என்று அவரை விரட்டினேன். உடற்பயிற்சிக் குழு ஞாபகமே எனக்கு வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் புரண்டாள். மச்சானுக்குச் சைகை காட்டினேன். அவன் குழலை எடுத்து இரண்டு இழுப்பு வாசித்துவிட்டு நிறுத்தினான். நான் பாய்ந்து மெத்தை ஓரத்தில் செத்துப்போனேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எதிரே இருட்டு. அங்கே யாருமில்லை என்பது எனக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

"என் உயிரே!" என்று ஆரம்பித்தாள். "நான் கண் விழிக்கும்வரை உன்னால் பொறுக்க முடியவில்லையா? உனக்காகத்தானே இத்தனை இரவும் விழித்திருந்தேன்!" ஒரு வரி விடாமல் சொன்னாள். நான் எழுதிய வசனந்தான். ஆனால் நான் எழுதியபோது அது இப்படி இல்லை. சொல்லி முடித்து என் நெஞ்சில் தலை சாய்த்துச் செத்துப்போனாள். அவள் தலைமுடியில் ரொட்டி வாசம். என் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை வழிந்தது.

"ஏங்க" என்று பதறிப்போய் என் நெஞ்சுக்குள் கிசுகிசுத்தாள். "செத்தவன் அழக் கூடாதுங்க. பாக்குறவங்க சிரிக்கப் போறாங்க."

"யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றேன். "நீ அப்படியே படுத்துக்கோ."