வெந்த மீனின் எடை

அந்தப் பெரிய கடையில் தரைத்தளத்தோடு சேர்த்து ஏழு தளங்கள். ஏழிலும் பத்தொன்பது வருஷமாக ஒரே ஒரு பெண்ணின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில், நகை விற்கிற இடத்துக்கும் கைக்கடிகாரம் விற்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், கழுத்தைத் திருப்பினால் கிறீச்சிடுகிற ஒரு சின்ன மின்விசிறி. தொலைந்துபோன குழந்தைகள், மறந்துவிட்டுப் போன குடைகள், அடுத்தவர் காரை மறித்து நிறுத்திய கார்கள் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தன. கடையில் அவளுக்குப் பெயரே ‘மைக்கக்கா’தான். பேச்சுதான் அவளுக்குச் சோறு போட்டது. அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் பதினொரு நாளாக வாயே திறக்கவில்லை என்றால் விஷயம் லேசுப்பட்டதா என்ன?

காரணம் அவள் கணவர்தான். வேறு யார் இருக்கிறார்கள்? மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான், வீட்டில் இவர்கள் இரண்டே பேர்.

அவர் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா, படி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற அரசாங்க உத்தியோகம். தங்கமான மனுஷன். ஒரு டீ கூட ஓசியில் குடித்ததில்லை. ஆனால் சட்டைப் பையில் மற்ற ஆண்கள் சீப்பு வைத்திருப்பதுபோல இவர் உள்ளங்கை அளவில் ஒரு மின் தராசு வைத்திருப்பார். பிஸ்கட் பொட்டலத்தைக்கூட எடை போடாமல் பிரிக்க மாட்டார். புதிதாகக் கல்யாணமானபோது அவளுக்கு அது பெருமையாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் பெருமையெல்லாம் வடிந்துபோய், வெறும் பழக்கமாகிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடை விஷயத்தில் அவர் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அதனால் ‘என் தப்புதான்’ என்று சொல்லிப் பழக அவருக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

மைக்கக்காவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. ஆறாவது தளத்தில் ஓர் உணவகம். வெள்ளை மேசைவிரிப்பு, துணி நாப்கின், ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே காலடியில் தெரியும். தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, ‘இன்றைய சிறப்பு’ என்று அங்கே கிடைக்கிற பதார்த்தங்களை அவள்தான் மைக்கில் வாசிப்பாள். வெண்ணெயில் வாட்டிய மீன், மூலிகை தூவிய உருளைக்கிழங்கு, ஆரஞ்சுத் தோல் சேர்த்த கேக் என்று கேட்கிறவர்களுக்கு நாக்கில் நீர் ஊற வாசிப்பாள். வாசித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறப்பாள். சீருடையோடு ஊழியர்கள் அங்கே உட்காரக் கூடாது என்பது சட்டம். விடுமுறை நாளில் போகலாம். ஆனால் விடுமுறை நாளில் துணி துவைக்கிறவர் யார்?

‘உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அங்கதான் சாப்பிடறோம்’ என்று ஆய்வாளர் தாமாகவே சொன்னார். அவளுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பச்சை நிறத்தில் புது உடை எடுத்தாள். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: இன்றைக்கு ஒரு நாள் தராசு பைக்குள்ளேயே தூங்கட்டும்.

அன்று சாயங்காலம் முதல் தடவையாக அவள் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். தினமும் பின்கட்டு வழியாக, சரக்கு வண்டிகளுக்கு நடுவே நுழைகிறவளுக்கு வாசல்காவலர் கதவைத் திறந்து சலாம் வைத்தார். வைத்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். வாசனைத் திரவியம் விற்கிற பெண் அவள் மணிக்கட்டில் பீய்ச்சிவிட்டாள். ஆய்வாளர் சீசாவைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் எழுதியிருந்த அளவை உதடு அசையப் படித்தார். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். முதல் தளத்தில் நீல நிறத்தில் ஒரு கைப்பை. உள்ளே ஜிப் வைத்த ரகசிய அறை. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள், அவர் பின்னாலேயே நின்று அதை வாங்கிக்கொண்டு வந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? மனுஷன் திருந்திவிட்டார் என்றே அவள் நம்பிவிட்டாள், பாவம்.

வினை மீனில் வந்தது. பட்டியலில் ‘வாட்டிய மீன், இருநூறு கிராம்’ என்று எழுதித் தொலைத்திருந்தார்கள். தட்டு வந்தது. அவர் தட்டைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். அவள் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். பழக்க தோஷம் யாரை விட்டது? அடுத்த நிமிஷம் தராசு மேசைமேல் இருந்தது, அதன்மேல் சாஸர், சாஸர்மேல் மீன். நூற்று ஐம்பத்தெட்டு கிராம்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அலுவலகக் குரலில், நிதானமாக, பரிமாறினவரைக் கூப்பிட்டு, அவர் மேலாளரைக் கூப்பிட்டு, கடைசியில் தலைமைச் சமையல்காரர் உயரத் தொப்பியோடு வந்து நின்றார். பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. தினமும் பின்கட்டில் ‘என்னக்கா, சாப்டாச்சா?’ என்று கேட்கிற அதே சமையல்காரர். ஆய்வாளரை விட்டுவிட்டு அவள் முகத்தைத்தான் பார்த்தார். அவள் எழுந்தாள். கைப்பையை எடுக்கவில்லை. மாடிப்படியிலேயே ஆறு தளமும் இறங்கினாள்.

மறுநாள்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, அவளுக்காகச் சமையலறையில் மெழுகுவத்தி செருகி ஒரு கேக் தயாராக வைத்திருந்தார்களாம். இரண்டாவது இன்னும் மோசம். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம்: எடை எல்லாம் வேகாத மீனுக்கு. நெருப்பில் வாட்டினால் நீர் வற்றி எடை குறையும், இது சமையல் பண்ணுகிற எவருக்கும் தெரியும். எடைக்கென்றே சம்பளம் வாங்குகிற மனுஷனுக்குத் தெரியவில்லை!

அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். ‘தப்பு என்னோடதுதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டுக்குள் என் குரல் கேட்காது என்று கடைசியாகச் சொன்னாள்.

அவர் அதைப் படித்தார். காது இரண்டும் சிவந்தது. தொண்டையைச் செருமினார். பிறகு போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அப்புறம் எல்லாம் சீட்டில்தான் நடந்தது. ‘கேஸ் சொல்லியாச்சு.’ ‘பால் திரிஞ்சுபோச்சு.’ குளிர்சாதனப் பெட்டிக் கதவு முழுக்கக் காந்தம் வைத்து ஒட்டிய சீட்டுகள். மகன் போனில் கூப்பிட்டால், ‘உங்கப்பாகிட்ட சொல்லு’ என்று அவள் குறுஞ்செய்தி தட்டுவாள், மூன்றடி தள்ளி அப்பா உட்கார்ந்திருப்பார். நீலக் கைப்பை காகிதப் பையிலிருந்து வெளியே வராமல் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவளுக்கு மட்டும் இனித்ததா? ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் பாதித் தட்டோடு எழுந்துவிடுவாள். ஆனால் வைராக்கியம் என்று ஒன்று இருக்கிறதே. கடையில் வேறு, முதுகுக்குப் பின்னால் ‘தராசு வீட்டுக்காரி’ என்று சிரிக்கிறார்கள்.

பதினோராம் நாள், சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். மூன்றாவது தளத்தில் சோஃபா, கட்டில் விற்கிறவர் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினார். நல்ல பருமன், கடையில் ‘மெத்தை அண்ணன்’ என்றால்தான் தெரியும். கையில் ஒரு படிவம். காணாமல் போனவர்களுக்கான மஞ்சள் படிவம்.

“இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்க்கா” என்றார். “உங்க வீட்டுக்காரர் ஒன்பது நாளா சாயங்காலமானா எங்க தளத்துக்கு வர்றார். சாம்பல் கலர் சோஃபா, ஸ்பீக்கருக்கு நேர் கீழ இருக்கே, அதுலதான் உட்கார்றார். கையில பேப்பர். நீங்க மைக்ல பேச ஆரம்பிச்சா பேப்பரை மடிச்சுடுவார். நீங்க முடிச்சதும் திரும்ப விரிப்பார். நானும் ஏதோ வாங்கத்தான் வர்றார்னு ரெண்டு நாள் பின்னாலயே சுத்தினேன்.”

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒன்பது நாள்! இங்கே வந்து உட்காரத் தெரிகிறது, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? கோபத்துக்குப் பின்னாலேயே வேறு ஏதோ வந்து கண்ணை மறைத்தது. அவள் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படிவத்தை வாங்கினாள். அந்தச் சின்னச் சின்னக் கட்டமான கையெழுத்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தினமும் பார்க்கிற கையெழுத்து. படித்தாள். மறுபடி படித்தாள். அந்த அறையில் ஒரு விதி உண்டு, பத்தொன்பது வருஷமாக அவள் மீறாத விதி: படிவத்தில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. அவருக்கு அது நன்றாகத் தெரியும். அவளே எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

வேண்டாம் என்றால் படிவத்தைக் கசக்கிப் போட்டுவிடலாம். மெத்தை அண்ணன் யாரிடமும் சொல்ல மாட்டார். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பொத்தானை அழுத்தினாள்.

“அன்பான வாடிக்கையாளர்களே, ஓர் அறிவிப்பு. காணவில்லை. காணாமல் போனவர், மனைவி. வயது, ஐம்பது ஆண்டும் பதினொரு நாளும். உயரம், செருப்பு இல்லாமல் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். எடை, கேட்கத் துணிவில்லை. கடைசியாகப் பார்த்த இடம், ஆறாவது தளம், ஜன்னலோர மேசை. அணிந்திருந்தது, பச்சை நிறப் புது உடை, மிகவும் பொருத்தமாக இருந்தது, அன்று சொல்ல மறந்துவிட்டது.”

மெத்தை அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகைக் கடைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அடையாளங்கள், இடது புருவத்தில் சிறு தழும்பு. கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். குரல், இந்தக் கடையில் எல்லோருக்கும் தெரிந்தது, வீட்டில் ஒருவருக்கு மிகவும் தேவைப்படுவது.”

இங்கே அவள் குரல் ஒரு நொடி தடுக்கியது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடுக்கல்.

“காணாமல் போன காரணம், கணவரின் தவறு. வெந்த மீனை எடைபோட்டு, வேகாத மீனின் எடையைக் கேட்டார். தவறு முழுக்க அவருடையது. சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை. கணவர் அதே மேசையில் காத்திருக்கிறார்.”

படிவம் முடிந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

“காத்திருக்கும் கணவரின் கவனத்துக்கு” என்றாள், அதே நிதானக் குரலில். “காணாமல் போனவர் கிடைத்துவிட்டார். ஆறு மணிக்கு வேலை முடிந்து, சீருடை மாற்றிக்கொண்டு வருவார். அதுவரை எதையும் எடைபோடாமல் உட்கார்ந்திருக்கவும்.”

பொத்தானை விட்டாள். மாடிப்படி வழியாக எங்கிருந்தோ கைதட்டல் கேட்டது. மெத்தை அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தச் சோஃபாவுக்கு இனி ஆள் பிடிக்க வேண்டும் என்று முனகியபடியே போனார்.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவள் ஆறாவது தளத்தில் இருந்தாள். ஜன்னலோர மேசையில் அவர். இரண்டு கையையும் மேசைவிரிப்பின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் நீலக் கைப்பை. அவளைக் கண்டதும் எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியை இழுத்துவிட்டார், மறுபடி இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கையைக் கீழ வைக்கலாம்” என்றாள்.

“மன்னிச்சுக்கோம்மா” என்றார் அவர்.

“இதை வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஊரைக் கூட்டணுமா?”

“ஊருக்கு முன்னாலதானே உன்னத் தலைகுனிய வச்சேன்” என்றார். “அதுவும் இல்லாம, எனக்கு இதெல்லாம் பேச வராது. படிவம்னா நிரப்பத் தெரியும்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நீலக் கைப்பையை மடியில் எடுத்து வைத்துத் திறந்தாள். ரகசிய அறைக்குள் ஏதோ கனத்தது. ஜிப்பை இழுத்தாள். தராசு.

“உன்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

மீன் வந்தது. கூடவே, யாரும் கேட்காமலே, மெழுகுவத்தி செருகிய ஆரஞ்சுக் கேக்கும் வந்தது. சமையல்காரர் தாமே கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘சாப்டுங்கக்கா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆய்வாளர் மீனைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் கஷ்டப்பட்டு ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம், ஒரே நாளில் நிறுத்து என்றால் மனுஷன் என்ன செய்வார்? தராசை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“சரி, போட்டுப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் அதைப் பார்த்தார். விரலால் மெல்ல அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

“அது கிடக்கட்டும். நீ பேசு” என்றார். “என்ன வேணாலும் பேசு.”

சொல்ல அவளிடம் பதினொரு நாள் விஷயம் சேர்ந்து கிடந்தது. பால் எப்படித் திரிந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் கையிலிருந்த நாப்கினை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.