வெட்டுப்பட்ட ஓரங்கள்

சொர்க்கத்தின் விலை முந்நூறு, கண்ணாடி தனி.

இந்த விலையைச் சொன்னவர் பிரேம் கடைக்காரர். கேட்டவர் மேகக்காரர். கவிதையும் எழுதி ஓவியமும் வரைந்து, இரண்டிலும் காலணா பார்க்காத மனிதருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. தலை எப்போதும் மேலேதான் இருக்கும். எதிரே மாடு வந்தாலும் மாடுதான் ஒதுங்க வேண்டும்.

"இது சொர்க்கம், தம்பி. மாட்டிக் கொடுக்க எவ்ளோ ஆகும்?" என்று ஒரு தாளை மேஜையில் விரித்தார். விலையைக் கேட்டதும், "சொர்க்கத்துக்குக் கண்ணாடி வேணுமா?" என்றார்.

"தூசி அடையும்ணே."

மேகக்காரர் சிரித்துக்கொண்டே தாளைச் சுருட்டினார். போகும்போது சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிப் பலகையைப் பார்த்து நின்றார். "இதுக்குள்ள ஒருத்தர் உக்காந்திருக்கார். துடைக்கும்போது பாத்துத் துடை."

"அப்படியா? மாச வாடகை கேட்டு வாங்கிக் கொடுங்கண்ணே," என்றார் கடைக்காரர். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மேகக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

பிரேம் போடாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார். சில மாதம் கழித்து அவர் மனைவி ஆறு தாள்களோடு கடைக்கு வந்தார். தையல் மெஷினை விற்ற பணம் முந்தானையில் முடிந்திருந்தது.

"இதுக்கெல்லாம் பிரதி கிடையாது, தம்பி. அச்சுல ஏத்தினா வெளிச்சம் போயிடும்னு சொல்லிக்கிட்டே இருப்பார். பத்திரம்."

"என்கிட்ட விட்டுட்டீங்கல்ல அண்ணி, கவலையை விடுங்க."

கடைக்காரர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நஷ்டம் குறைவாகப் போயிருக்கும். அளவெடுத்துப் புதுப் பிரேம் செய்தால் அந்த அம்மாவுக்குச் செலவு இழுக்கும் என்று நினைத்தார். யாரோ சொல்லிவிட்டு வாங்காமல் போன ஆறு பிரேம்கள் பரணில் கிடந்தன. தாள்தான் கொஞ்சம் பெரிது. நாலு பக்கமும் ஏதோ கொடியும் வேரும் வாலுமாகப் பின்னிக் கிடந்தது. நடுவில் இருந்த படம் மட்டும் பிரேமுக்குள் கச்சிதமாக அடங்கியது. இரும்பு ஸ்கேலை வைத்தார், கத்தியை இழுத்தார். ஓரம் போயிற்று.

தொழில் தெரிந்தவர் எதையும் வீணாக்குவதில்லை. படத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கண்ணாடி ஆடும். தடித்த காகிதத் துண்டை முட்டுக் கொடுத்தால் நின்றுவிடும். மேகக்காரர் நல்ல தடிமனான தாளில்தான் வரைந்திருந்தார். அந்த வாரம் கடையை விட்டுப் போன படங்களுக்கெல்லாம் முட்டுக்குப் பஞ்சமே இல்லை.

அண்ணி வந்தார். ஆறு படங்களும் வரிசையாக நின்றன.

"கூலி பாதிதான் அண்ணி. இருந்த பிரேமுக்கே அடக்கிட்டேன்."

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஓரம் எங்க, தம்பி?"

"ஓரமா? கிறுக்கலா இருந்துச்சு. வெட்டிட்டேன்."

"அது கிறுக்கல் இல்ல. எழுத்து. அவர் பாட்டெல்லாம் படத்தைச் சுத்திக் கொடியாத்தான் ஓடும்." அண்ணி கண்ணாடி மேல் கையை வைத்தார். "உள்ள இருக்கிற வண்ணமெல்லாம் நான் பூசினது. ஓரத்துலதான் அவர் இருந்தார். என்னை வெச்சுக்கிட்டு அவரை வெட்டிட்டீங்களே."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு அண்ணி? சொல்லுங்க, எழுதறவங்களை வெச்சு..."

"தெரியாது. நான் படிக்கல. ஒண்ணு காயறதுக்குள்ள அடுத்ததைப் பூசணும், அடுப்பையும் பாக்கணும். சுவத்துல மாட்டினப்புறம் உக்காந்து நிதானமாப் படிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

மறுநாளே கடைக்காரர் ஸ்குரூடிரைவரும் கையுமாகத் தெருவில் இறங்கினார். அந்த வாரப் படங்கள் யார் யார் வீட்டுக்குப் போயின என்பது அவருக்கு மனப்பாடம். கூலியில் பாக்கி வைத்தவர்களை எந்தக் கடைக்காரர் மறந்திருக்கிறார்?

தையல்காரர் வீட்டுக் கல்யாணப் படத்தைப் பிரித்ததும் முதல் துண்டு கிடைத்தது. கொடியைக் கொடியாகப் பார்த்தால் எழுத்து தெரியவில்லை. தலையைச் சாய்த்து, விரலை வைத்து, வேரிலிருந்து ஏறினால்தான் பிடிபட்டது: 'எறும்பு தூக்கிப் போவது சர்க்கரை அல்ல, விடியலின் ஒரு செங்கல்.'

"என்னங்க அது, புதையல் வரைபடமா?" என்றார் தையல்காரர்.

"செங்கல்," என்றார் கடைக்காரர்.

மருந்துக் கடைக்காரர் சுலபத்தில் விடவில்லை. "துண்டுக்கு எவ்ளோ தருவீங்க?"

"குப்பைக் காகிதத்துக்கு விலையா?"

"குப்பைக்கு நீங்க ஏன் வெயில்ல வரணும்?"

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயிலிருந்து விலையைப் பிடுங்கிய மனிதர், பேரம் பேசாமல் கொடுத்தார். அண்ணியின் தையல் மெஷின் போன விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

துண்டுகளை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிப் பொருத்திப் பார்த்தார். சோறு ஆறியது.

"இத்தனை வருஷம் பக்கத்துத் தெருவுல நடமாடின மனுஷன்," என்றார் அவர் மனைவி. "கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுத்திருந்தா அவரே பாடிக் காட்டியிருப்பார்."

"நீ வேற, ஏண்டி..."

"நான் ஒண்ணும் சொல்லல. எறும்பு ஊருது, சர்க்கரை டப்பாவை மூடுங்க."

அவர் மூடவில்லை. எறும்பு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கல் செங்கல்லாகப் போய்க்கொண்டிருந்தது.

சலூனில் மாட்டியிருந்த படத்துக்குப் பின்னால் கிடைத்ததுதான் கடைசித் துண்டு. இன்னும் சில வீடுகள் பாக்கி. அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள், முகவரி தெரிந்தவர் யாருமில்லை. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே படித்தார்: 'கண்ணாடி துடைப்பவனே, மெல்ல. உள்ளே உட்கார்ந்திருப்பவர்...'

அங்கே கத்தி விழுந்திருந்தது. பாட்டு மூலை திரும்பி அடுத்த ஓரத்துக்கு ஓடியிருக்கிறது. அந்த ஓரம் கிடைக்கவே இல்லை.

"ஷேவிங்கா அண்ணே?" என்றார் சலூன்காரர். கடைக்காரர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வாடகை கேட்கச் சொன்ன வாய், 'யாருண்ணே அது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேகக்காரர் சொல்லியிருப்பார். அதற்குக் காசு கேட்கிற ஆளும் இல்லை.

பெரிய பிரேமாக ஆறு செய்தார். நடுவில் படம், சுற்றிலும் துண்டுகள், கிடைக்காத இடத்தில் வெற்று அட்டை. அண்ணி வீட்டுச் சுவரில் அவரே மாட்டினார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தலை சாய்ந்தது, விரல் கண்ணாடி மேல் ஊர்ந்தது. கடைசிப் படத்தில் மூலைக்கு வந்து நின்றது. வெற்று அட்டையை ஒரு முறை தடவினார்.

"யாரு தம்பி உள்ள?"

"தெரியல அண்ணி. என்கிட்டதான் சொல்ல வந்தார்."

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "கூலி எவ்ளோன்னு ஒரு பில்லு போட்டுக் கொடுங்க. சும்மா வாங்கினா அவருக்குப் பிடிக்காது."

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

பிரேம் ஆறு, கண்ணாடி ஆறு: கடைப் பொறுப்பு.
வெட்டிய ஓரம்: இருபத்து நான்கு.
திரும்பக் கொடுத்தது: பத்தொன்பது.
பாக்கி: ஐந்து. கடைக்காரர் தர வேண்டியது.