கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. முன்னால் போன பிக்கப் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கேபின் ஒரு பக்கம் தலையாட்டியது, பின்பெட்டி மறுபக்கம். ஒரே வண்டிக்குள் இரண்டு அபிப்பிராயம். மெக்கானிக் ஒருவரிடம் விசாரித்தேன்.

"சேசிஸ், அதான் அடிச்சட்டம், ஒண்ணுதான் சார். அதுமேல கேபின் தனியா, பெட்டி தனியா உக்காந்திருக்கு. கரடுமுரடுல ஏத்துனா சேசிஸ் முறுக்கும். முறுக்காத சேசிஸ் உடைஞ்சிரும்."

(கடைசி வரியைத் தத்துவமாக்க ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

2

முதல் தொடக்கம்: சந்தேகம் என்பது ஒரு

வேண்டாம்.

இரண்டாவது: வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த பம்பு ரிப்பேர்காரர் ஹோஸை அப்படியே கீழே போட்டார்.

இது பரவாயில்லை. கேபினின் பின்முனையில் பெயிண்ட் போயிருந்தது. அதற்கு எதிரே பெட்டியின் முனையிலும். வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்லை. வண்டி தன்னைத்தானே இடித்துக்கொண்டிருக்கிறது. யாரோ இதைப் பாறையில் ஏற்றி முறுக்கியிருக்கிறார்கள். அவரோ தார்ச்சாலையை விட்டு இறங்காதவர். வண்டியில் பாதிப் பங்கு சகலைக்கு, அதாவது மனைவியின் தங்கை புருஷனுக்கு. கோழித்தீவனம் விற்பவன். வேறு யாராக இருக்கும்?

"தேஞ்சிருக்கும், விடுங்க," என்றாள் மனைவி, துணியை உதறியபடி.

(அவள் இத்தனை சீக்கிரம் பதில் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. எழுதியது நான்தான், இருந்தாலும்.)

3

பம்புக்காரர் சகலையை ஏற்றிக்கொண்டு கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போனார். முன்சக்கரம் ஒன்றைப் பாறைமேல் ஏற்றினார். பின்னால் 'டக்' என்றது.

"கேட்டுச்சா? இந்தச் சத்தத்த எத்தன தடவ கேட்ட நீ?"

"நான் இந்தப் பக்கமே வந்ததில்ல சகலை."

"பொய்."

"அப்படின்னா என்னை இறக்கி விடுங்க. நடந்தே போறேன்."

சகலை கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. பம்புக்காரர் பக்கமும் அசையவில்லை. சேசிஸ் முறுக்கியதில் கேபினும் கோணி, இரண்டு கதவையும் கவ்விக்கொண்டிருந்தது.

(இங்கே ஒரு கைகலப்பு எழுதியிருந்தேன். அந்தச் சின்ன இடத்தில் கியர் கம்பிதான் ஒடியும். எடுத்துவிட்டேன்.)

இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. கடைசியில் சகலை சொன்னான்: "சாவி உங்க வீட்டு ஆணியிலதான தொங்குது? அண்ணி நல்லா ஓட்டுவாங்க சகலை. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா?"

சகலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வண்டியைப் பாறையிலிருந்து பின்னால் இறக்கியதும் கதவுகள் தாமாகவே தளர்ந்தன. யாரும் இறங்கவில்லை.

4

"வண்டிய எடுத்தது நீயா?"

"ஆமா. குவாரி மேட்டுக்கு."

"யாரோட?"

இந்தக் கேள்விக்கு என் முதல் பிரதியில் ஒருவன் இருந்தான், அவள் பக்கத்து இருக்கையில். பம்புக்காரர் கேட்ட வேகத்தில் நானே அவனை நம்பி, சட்டைக்கு நிறம்கூடக் கொடுத்துவிட்டேன். பிறகு வெட்கப்பட்டு இறக்கிவிட்டேன். (முழுசாக இறங்கினானா, தெரியாது.)

"தனியாத்தான். நீங்க கூட இருந்தா பிரேக்க மிதி, கிளச்ச மிதின்னு உயிர வாங்குவீங்க. ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கும்போது வயித்துக்குள்ள என்னமோ பண்ணும் பாருங்க..."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எங்கிட்ட எங்க கேட்டீங்க? தங்கச்சி வீட்டுக்காரரத்தான விசாரிக்கக் கூட்டிட்டுப் போனீங்க. நம்பலைன்னா வாங்க, காட்டுறேன்."

5

முடிவு அ: அவர் மன்னிப்புக் கேட்கிறார். அவரை எனக்குத் தெரியும், கேட்க மாட்டார்.

முடிவு ஆ: வண்டியை விற்கிறார். பாதி சகலையுடையது, முடியாது.

நடந்தது இதுதான்: அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குவாரிப் பாதையில் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். இவ்வளவு பழக்கம் இரண்டொரு தடவையில் வருமா? கேட்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வண்டி முறுக்கி, முனகி, ஏறியது. அவர் வயிற்றிலும் என்னமோ பண்ணியது. சிரித்துவிட்டார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, மண்ணில் இன்னொரு வண்டியின் தடம் தெரிந்தது. அகலமான டயர். அவர் பார்த்தார். அவர் பார்த்ததை அவள் பார்த்தாள்.

அந்தத் தடத்தை நான் போடவில்லை. கேபினில் இரண்டே இருக்கை, எனக்கு இடமில்லை, இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் பின்பெட்டியில் ஏறிக்கொள்ளுங்கள். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் வேகத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை.