டெல்மரின் ஏலம்

முனைவர் பட்டம் வாங்கியும் எனக்கு இன்னும் இரண்டு வருடப் பயிற்சி பாக்கி. மூளைக் கோளாறு ஒருவரின் பேச்சையும் நினைவையும் என்ன செய்கிறது என்று சோதித்துச் சொல்வதுதான் என் படிப்பு. "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன்" என்பாள் அம்மா.

டெல்மர் ஷ்ராடர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மாட்டுச் சந்தைகளில் ஏலம் விடுகிறவர். மூளையில் பேச்சுக்கான பகுதியை ஒட்டி ஒரு கட்டி. அவரை விழிக்கவைத்து, பேசவைத்தபடியே அதை வெட்டியெடுக்க வேண்டும். பேசவைப்பது என் பொறுப்பு.

"கட்டி கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இருந்துட்டுப் போகுது, டாக்டரம்மா. வாய் போச்சுன்னா நான் செத்த மாதிரி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வழக்கமாகப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்போம். ஏலமும் விடச் சொல்லலாம் என்றேன். என் மேற்பார்வையாளர் ஹோல்ம் முகம் சுளித்தார்.

"சோதனைன்னா அளவுகோல் வேணும். ஏலத்துக்கு அது எங்க இருக்கு?"

"படத்துக்குப் பேர் சொல்லியா அவர் சோறு திங்கிறார்?"

"பிடிவாதத்துக்குப் பட்டம் குடுத்தா உனக்குத்தான் முதல்ல குடுக்கணும். சரி, செஞ்சுக்க."

அறுவை மேசையில் டெல்மர் எல்லாப் படங்களுக்கும் பிசகாமல் பெயர் சொன்னார். மின்கருவி தொடும் இடம் அந்த நேரத்துக்கு மட்டும் செயலிழக்கும்; பேச்சு நின்றால் அந்த இடத்தை வெட்டக் கூடாது. அறுவை மருத்துவர் பெக் அதனால் கட்டியின் ஓரத்தைத் தொட்டபோதும் டெல்மர் தடுமாறவில்லை.

"இங்க ஒண்ணுமில்ல. எடுத்துரலாம்" என்றார் பெக்.

"கொஞ்சம் இருங்க! டெல்மர், ஏலத்தை ஆரம்பிங்க!"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கறுப்புக் கிடாரியாம், சினையாம், சாதுவாம். நர்ஸ் ஜோலீன் ஏலம் கேட்பவள்போலச் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். விலை ஏறியது.

"ஆயிரத்தித் தொள்ளாயிரம் டாலர், ஒரு தரம்…"

பெக் அதே ஓரத்தைத் தொட்டார். டெல்மரின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கருவியை எடுத்ததும் குரல் திரும்பியது. "ரெண்டு தரம்…" மறுபடி தொட்டார். மறுபடி நின்றது.

"அடேயப்பா" என்றார் பெக். "இந்த ஓரத்துல நான் கை வைக்கல."

மற்றதை எடுத்து முடித்தார்கள். ஆனால் மறுநாள் டெல்மர் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார் பெக். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏலம் நிற்காத இடத்தையெல்லாம் வெட்டலாம் என்று நம்பி அந்த மனுஷன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று கிடந்து தவித்தேன்.

மூன்றாம் நாள் காலை படங்களை எடுத்துக்கொண்டு போனேன். டெல்மர் அவற்றைக் கையால் ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மருந்து மாற்ற ஜோலீன் உள்ளே வந்தாள். அவளைக் கண்டதும் அவர் விரல் மெல்ல உயர்ந்தது. உதடு துடித்தது.

"மூணு… மூணு தரம்!" என்றார். "கிடாரி உனக்குத்தாம்மா. பணத்தை எடு."

"ஐயோ, மாடி வீட்டுல மாட்டை எங்க கட்டுவேன்!" என்றாள் ஜோலீன்.

படங்கள் என் கையிலிருந்து தரையெல்லாம் சிதறின. பொறுக்கத் தோன்றாமல், அங்கேயே நின்று அழுதேன்.