பானெட்டுக்கு அந்தப் பக்கம்

சத்தியதாஸ் அன்று காலை மூன்றாவது முறையாக ஒர்க்‌ஷாப்பின் மரப் பெஞ்சின் முன்னால் வந்து நின்றார். பெஞ்சில் ஒரு முழ நீளத்தில் இரண்டு ஒயர்க் கட்டுகள் கிடந்தன. ஒன்று கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்றே ஒயரிங் செட் கட்டுகிறவர் அனுப்பிய மாதிரி. பருத்தி நூல் பின்னிய உறை, பழுப்பிலும் பச்சையிலும் மெல்லிய கோடுகள். அறுபத்தெட்டில் அவருடைய அம்பாசடர், கம்பெனியிலிருந்து இறங்கியபோது உள்ளே இருந்தது இப்படித்தான் இருந்திருக்கும். மற்றது, ஆரியசாலைச் சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பிரஜின் கட்டிக் காட்டியது. வழுவழுப்பான புது ஒயர், கூடவே எட்டு ஃபியூஸ் கொண்ட கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. பழைய வண்டியில் இருந்தது இரண்டே இரண்டு ஃபியூஸ்.

துணி உறையைத் தடவினார். பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். வாசல்வரை போய், அரிசி மூட்டை இறக்கும் லாரிக்காரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்று வாரமாக இப்படித்தான். நேமத்தில் வீட்டில் உட்கார்ந்தால் இருப்புக்கொள்வதில்லை. பேப்பரை விரித்தால் முதல் பத்தியிலேயே கண் நின்றுவிடுகிறது. இன்றைக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கட்டத் தொடங்கிவிடுவேன் என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லிவிட்டார். ஜனவரியில் பழைய கார்களின் கண்காட்சி. போன தடவை பானெட்டைத் திறந்து பார்த்த நடுவர், பேட்டரி கிளாம்ப் புதுசு என்று மதிப்பெண் குறைத்ததில் சத்தியதாஸுக்கு இரண்டாமிடம்தான் கிடைத்தது. பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தால் அந்த இடமும் கிடைக்காது.

வண்டி தீப்பிடித்தது ஐப்பசி மழையில். பாறசாலையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு அவரும் மனைவி ஜெயபாய் டீச்சரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கரமனைப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றபோது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன நாக்கு மாதிரி நெருப்பு. அவர் குதித்து இறங்கினார், பானெட்டைத் தூக்கினார், பேட்டரி கிளாம்ப்பைப் பிடுங்கி எடுத்தார். நெருப்பு அடங்கியது. பானெட்டை இறக்கியபோது சீட்டில் ஜெயபாய் இல்லை. இடப்பக்கக் கதவின் உள்கைப்பிடி உடைந்து மாதங்கள் ஆகியிருந்தன. வெளியிலிருந்து அவர்தான் திறந்துவிட வேண்டும். மழைக்காகக் கண்ணாடி ஏற்றியிருந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்து அவளை நடைபாதையில் நிறுத்தியிருந்தார். நனைந்துகொண்டே இருமிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவள் எங்கே போனாலும் பஸ்தான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எலி கடித்துவிட்டது என்று அவளிடம் சொன்னார். சர்ச்சில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னார். ஆனால் வண்டியைப் பிரித்த மறுநாளே பிரஜின் கருகிய ஒரு ஒயரைக் கையில் கொடுத்திருந்தான்.

"சாரே, எலி கடிச்சா அறுந்து கிடக்கும். இது உருகிக் கிடக்கு. பேட்டரியில இருந்து ஃபியூஸ் இல்லாம நேரே ஒயர் வலிச்சிருக்கு. ஆரு செஞ்ச பணி இது?"

இரண்டு வருடம் முன்பு பொன்முடி மலைக்குப் போவதற்காக அவரே மாட்டிய மூடுபனி விளக்கின் ஒயர். கண்காட்சிக்கு முன்னால் விளக்கைக் கழற்றினார். ஒயரைக் கழற்றச் சோம்பல், தரைவிரிப்புக்கு அடியில் தள்ளிவிட்டார். அது தகரத்தில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கிறது.

"டீச்சர்கிட்ட சொல்லாண்டாம், கேட்டியா" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை, எதை வாங்குவது என்று அவளிடம் சும்மா வாய்வார்த்தைக்குத்தான் கேட்டார். "நானும் வாறேன். பாப்போம்" என்று அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதை அவர் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றுகொண்டு அவளுடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது ஜெயபாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்திய அதே நிதானத்தோடு இரண்டு கட்டுகளையும் பார்த்தாள். பிறகு பிரஜினிடம் கேட்டாள்.

"இதுல எத எலி கடிக்காது?"

பிரஜின் சத்தியதாஸைப் பார்த்தான். கையிலிருந்த இடுக்கியைத் துடைக்கத் தொடங்கினான். வெளியே மூட்டை விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"எலி இல்ல, ஜெயா" என்றார் சத்தியதாஸ். "நான் இழுத்த ஒயராக்கும்."

"தெரியும். அன்னைக்கு நீங்க வண்டிக்கு அடியில கெடந்து அத இழுக்கும்போ டார்ச்சு பிடிச்சது நானில்லியா?"

அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

"நெருப்பு வந்துது, சரி. யாருக்கும் வரும். நீங்க எறங்கி ஓடினிய. என் பக்கம் வாறியன்னுதான் நெனச்சேன். பானெட்டுதான் எழும்பிச்சு. அதுக்குப் பெறகு எனக்கு ஒங்களத் தெரியல. பச்சைத் தகரம் மட்டுந்தான் தெரிஞ்சுது."

"பேட்டரியக் கழத்தலைன்னா வண்டி மொத்தமும்…"

"கழத்தினது சரிதான். வீட்டுல இருந்து எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்தாச்சு. கணக்கு சரியாத்தான் வருது." கண்ணாடியைக் கழற்றினாள். "கதவுக்கிட்ட ரெண்டு எட்டுதான், இல்லியா?"

இரண்டு எட்டுதான். மூன்று வாரமாக வீட்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் அவர் நடந்ததெல்லாம் அந்த இரண்டு எட்டைத்தான் என்று தோன்றியது.

"எது வேணுமோ வாங்குங்க. நான் அதுல ஏறுவேனான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க" என்றாள் அவள்.

சத்தியதாஸ் போனை எடுத்து கோயம்புத்தூர்க்காரரை அழைத்தார். வேண்டாம், மன்னிச்சிருங்க என்று சுருக்கமாகச் சொல்லி வைத்தார். பிரஜினிடம் திரும்பி, "ஒனக்க பெட்டிய வச்சுக் கெட்டு. கதவுக் கைப்பிடிய இன்னைக்கே மாத்து" என்றார்.

"அப்ப ஜனவரி போச்சு, சாரே."

"போவட்டு."

மன்னித்துக்கொள் என்ற சொல்லை முன்பின் தெரியாத ஒருவரிடம் அத்தனை எளிதாகச் சொல்ல முடிந்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

புதிதாகக் கட்ட அளவு வேண்டும். வண்டியிலிருந்து உருவிய பழைய ஒயரிங்கைப் பிரஜின் முற்றத்தில் கொண்டுவந்து போட்டான். சிக்குப் பிடித்து, எண்ணெய்க் கறுப்பேறிக் கிடந்தது. ஹெட்லைட் பக்கத்து முனையைச் சத்தியதாஸ் கையில் கொடுத்தான்.

"டீச்சரே, அந்த அற்றம் ஒண்ணு பிடிக்காமோ?"

ஜெயபாய் பின்விளக்குப் பக்கத்து நுனியைக் குனிந்து எடுத்தாள். பதின்மூன்று அடி இடைவெளியில் இருவரும் நின்றார்கள். பிரஜின் டேப்பை விரித்து, ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் சிட்டை ஒட்டி, மலையாளத்தில் எண்ணைச் சொல்லிக்கொண்டே அவரிடமிருந்து அவளை நோக்கி நகர்ந்தான். ஒயர் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

"தொய்யாம பிடிக்கணும்" என்றான், தலை நிமிராமல்.

ஜெயபாய் அதை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். அவருடைய கை முன்னால் இழுபட்டது. சந்தில் லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்க, அவள் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.